மோக்கா பாட் காபி கசக்கிறது, ஆனால் ஸ்ட்ராங்காக இல்லை. எதை மாற்ற வேண்டும்?

விடியற்காலை எழுதியது:

வணக்கம். அடுப்பில் வைத்துக் காபி போடும் மோக்கா பாட் ஒன்று வாங்கியிருக்கிறேன். அலுமினியம், எட்டுப் பட்டை வைத்த வழக்கமான வடிவம், பெட்டியில் 'ஆறு கப்' என்று போட்டிருக்கிறது. வீட்டில் காபி குடிப்பது நான் ஒருவன்தான். எனக்கு வேண்டியதும் ஒன்றுதான்: நல்ல ஸ்ட்ராங் காபி. கொஞ்சம் பால் ஊற்றினாலும் காபியின் ருசி மேலே நிற்க வேண்டும்.

இப்போது வருவது அப்படி இல்லை. வெறுமனே குடித்தால் அடிநாக்கில் ஒரு கருகல் கசப்பு. பால் ஊற்றினால் அந்தக் கசப்பு மட்டும் மிஞ்சுகிறது, காபி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. கசப்பும் தண்ணித்தன்மையும் ஒரே கோப்பையில் எப்படிச் சேர்ந்து வரும்?

நான் போடும் முறை இது. கீழ்ப் பாத்திரத்தில் பாதிக்குத் தண்ணீர். வடிகட்டிக் கூடையில் பாதிக்குத் தூள், ஸ்பூனால் நன்றாக அழுத்தி விடுவேன். காலை நேரம் என்பதால் அடுப்பு முழுத் தீயில் இருக்கும். கடகடவென்று சத்தம் வந்து அடங்கியதும் இறக்குவேன். தூள் கடையில் வாங்கியதுதான், 'எஸ்பிரெஸ்ஸோ அரைப்பு' என்று எழுதியிருக்கிறது. சில நாட்களில் நடு மூட்டில் ஆவி சீறுகிறது.

இன்னும் கருக வறுத்த தூள் வாங்க வேண்டுமா, இன்னும் அழுத்த வேண்டுமா? மெஷினில் வருகிற மாதிரி மேலே அந்தப் பழுப்பு நுரை வருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆவிபறக்க எழுதியது:

அழுத்தாதீர்கள், முதலில் அதை நிறுத்துங்கள். எஸ்பிரெஸ்ஸோ அரைப்பு இந்தப் பாத்திரத்துக்கு ரொம்ப நைஸ். அதையும் அழுத்தி வைத்தால் தண்ணீர் ஏற வழியில்லாமல் ஆவி மூட்டைப் பிளந்துகொண்டு வரத்தான் செய்யும்.

இன்னொன்று, தண்ணீரைத் தனியாகக் கொதிக்க வைத்து ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் சூடாகும் வரை தூள் அடுப்பின் மேலேயே வெந்துகொண்டிருக்கும், கருகல் அங்கிருந்துதான் வருகிறது. தீ எப்போதும் சிம். எனக்கு இந்த இரண்டிலேயே பாதிக் கசப்பு போய்விட்டது.

நிதானம் எழுதியது:

தம்பி, நீங்கள் எழுதியதில் இரண்டு தனித்தனி விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துவிட்டால் மீதி தானாகத் தெளிந்துவிடும்.

ஸ்ட்ராங் என்பது ஒரு கோப்பைத் தண்ணீரில் எவ்வளவு காபி கரைந்திருக்கிறது என்பது. அதைத் தீர்மானிப்பது தூளுக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதம். கசப்பும் கருகலும் வருவது சூட்டினால், அப்புறம் எந்த நேரத்தில் நிறுத்துகிறோம் என்பதால். ஆகவே தண்ணியான காபி கசப்பாகவும் இருக்கலாம், கெட்டியான காபி கசப்பில்லாமலும் இருக்கலாம். இன்னும் கருக வறுத்த தூள் வாங்கினால் கசப்புதான் கூடும். ஸ்ட்ராங் ஒரு துளிகூட ஏறாது. பல பேர் இந்த இடத்தில்தான் திசை மாறிப் போய், கடைசியில் பாத்திரத்தின் மேல் பழியைப் போட்டுப் பரணில் வைத்துவிடுகிறார்கள். நல்ல பாத்திரம் அது. மனதுக்குக் கஷ்டமாக இருக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு முறை மனதில் ஓட்டிப் பாருங்கள். கீழ் அறையில் தண்ணீர், அதன் மேல் கொஞ்சம் காற்று, இரண்டும் மூடிய அறைக்குள். சூடு ஏற ஏறக் காற்று விரிகிறது, தண்ணீரிலிருந்து ஆவியும் சேர்கிறது. இந்த அழுத்தம் தண்ணீரைக் கூடையின் வால் வழியாக, அதாவது கூடையின் அடியில் நீண்டிருக்கும் குழாய் வழியாக, மேலே தள்ளுகிறது. தண்ணீர் கொதிக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. 70 டிகிரியை ஒட்டியே அது ஏற ஆரம்பித்துவிடும். போகப் போகச் சூடு கூடும், கடைசியில் ஏறுவது 100 டிகிரியையும் தாண்டிவிடலாம். தண்ணீர் மட்டம் கூடையின் வால் நுனிக்குக் கீழே இறங்கியதும் இனி தள்ளத் தண்ணீர் இல்லை, ஆவியே தூளுக்குள் புகுந்து வரும். நீங்கள் கேட்கிற கடகட சத்தம் அதுதான். அந்த ஆவி தூளில் மிச்சமிருக்கிற கசப்பையெல்லாம் வழித்துக்கொண்டு வந்து உங்கள் காபியில் கொட்டுகிறது. நீங்கள் அது அடங்கும் வரை காத்திருக்கிறீர்கள்.

இப்போது உங்கள் பாதிக் கணக்குக்கு வருகிறேன். ஆறு கப் என்பது சின்னச் சின்ன எஸ்பிரெஸ்ஸோ கோப்பைக் கணக்கு, ஒன்றுக்கு 50 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாத்திரத்தில் வால்வுக்கு (அழுத்தம் மிஞ்சினால் ஆவியை வெளியே விட, கீழ் அறையின் பக்கவாட்டில் இருப்பது) கீழே வரை ஏறக்குறைய 300 மில்லி தண்ணீர் பிடிக்கும், கூடையில் 25 முதல் 30 கிராம் தூள் பிடிக்கும். அது அந்த அளவுக்கென்றே செய்த பாத்திரம். கூடையைப் பாதி மட்டும் நிரப்பினால் தூளுக்கு மேலே காலி இடம் இருக்கும். தண்ணீர் ஏறும்போது தூள் கலைந்து ஓரிடத்தில் மெலியும், அந்த இடம் வழியாகவே தண்ணீர் ஓடிவிடும். மற்ற தூளை அது சரியாகத் தொடுவதே இல்லை. காபி தண்ணியாக இருப்பதற்குக் காரணம் இது. பாதித் தண்ணீர் முழுத் தீயில் சீக்கிரமே தீர்ந்துவிடுவதால் ஆவி சீக்கிரம் புகுந்துவிடுகிறது. கசப்புக்குக் காரணம் அது. இரண்டும் ஒரே கோப்பையில் எப்படி என்று கேட்டீர்களே, இப்படித்தான்.

மோக்கா பாட்டைப் பாதி அளவில் ஓட்ட முடியாது. ஒருவருக்கு என்றால் மூன்று கப் அளவு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் சுமார் 150 மில்லி தண்ணீர், 15 முதல் 17 கிராம் தூள். இருக்கிற பாத்திரத்திலேயே போட வேண்டுமென்றால் முழுதாகப் போட்டு, குடித்தது போக மீதியை ஆறவைத்து ஃப்ரிட்ஜில் எடுத்து வையுங்கள். குளிர்ந்த பாலில் கலந்து குடிக்க நன்றாகவே இருக்கும்.

தூளின் பதம் முக்கியம். பொடி உப்பை விரல்களுக்கு நடுவில் தேய்த்தால் எப்படி நறநறவென்று இருக்குமோ அந்தப் பதம் வேண்டும். மாவு மாதிரி விரலில் ஒட்டினால் அது மெஷினுக்கான தூள். கூடையில் தளரப் போட்டு, லேசாகத் தட்டி, விளிம்புக்குச் சமமாக விரலால் வழித்து விடுங்கள். குவியலாகவும் வேண்டாம், அழுத்தவும் வேண்டாம். விளிம்பில் ஒட்டிய தூளைத் துடைத்துவிடுங்கள். உங்கள் மூட்டில் ஆவி சீறுவதற்கு அந்த நாலு துகளே போதும், வாஷர் சரியாக உட்காராது. மூடும்போது கைப்பிடியைப் பிடித்துத் திருகாமல் உடம்பைப் பிடித்துத் திருகுங்கள்.

அடுப்பு விஷயத்துக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை காபி நன்றாக வருவதும் வீணாவதும் இங்கேதான். தீ பாத்திரத்தின் அடிவட்டத்தைத் தாண்டி வெளியே வரக்கூடாது. மேல் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நில்லுங்கள். நடுக்குழாயின் வாயில் முதலில் ஒரு கருந்துளி திரண்டு நிற்கும், உடனே வழியாது. பிறகு பெருத்து ஒரு பக்கமாகச் சரிந்து இறங்கும். அதற்குப் பின்னால் வருவது மெல்லிய, கரும்பழுப்பு ஒழுக்கு. தெறிக்காது, சத்தம் போடாது, குழாயை ஒட்டியே வழியும். இந்த நேரத்தில் தீயை இன்னும் குறைக்க முடிந்தால் குறையுங்கள். குழாயிலிருந்து பீறிட்டு அடித்தால் தீ அதிகம் என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் ஒழுக்கின் நிறம் வெளுக்கும், கரும்பழுப்பு போய்த் தேன் நிறம் வரும். அங்கே நிறுத்துங்கள். சத்தம் வரட்டும் என்று நிற்க வேண்டாம்.

நிறுத்துவது என்றால் அடுப்பை அணைப்பது மட்டும் போதாது, கீழ் அறையில் அழுத்தம் இருக்கும் வரை அது தள்ளிக்கொண்டேதான் இருக்கும். இறக்கி, அடிப்பாகத்தை மட்டும் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள், அல்லது ஈரத்துணியின் மேல் வையுங்கள். உள்ளே ஆவி குளிர்ந்து அழுத்தம் விழும், ஒழுக்கு அந்த நிமிஷமே நின்றுவிடும்.

உங்களுக்கு வேண்டிய ஸ்ட்ராங் இருப்பதும் இந்த நிறுத்துவதில்தான். மூன்று கப் பாத்திரத்தை முழுக்க ஓடவிட்டால் 120 மில்லியை ஒட்டி வரும். 80, 90 மில்லியில் வெட்டிவிட்டால் அதே 16 கிராம் தூளின் சத்தில் பெரும்பங்கு அந்த 80 மில்லிக்குள் இருக்கும். முதலில் இறங்குவதுதான் கெட்டி, பின்னால் வருவது நீர்த்தது. பால் ஊற்றினாலும் மேலே நிற்கும் காபி இந்த முதல் பங்குதான். அளவு குறைகிறதே என்று தோன்றலாம், ஆனால் நீங்கள் இழப்பது கசப்பும் தண்ணீரும் மட்டும்தான்.

ஊற்றுவதற்கு முன்னால் மேல் பாத்திரத்துக்குள்ளேயே ஸ்பூனால் ஒரு கலக்கு கலக்குங்கள். கெட்டியானது அடியிலும் நீர்த்தது மேலேயும் படிந்திருக்கும். கலக்காமல் இரண்டு கோப்பையில் ஊற்றினால் இரண்டும் இரண்டு காபியாக இருக்கும்.

ஆவிபறக்க சொன்ன கொதிநீர் விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு அபிப்பிராயம் உண்டு. வறுப்பைப் பொறுத்தது அது. இளவறுப்புக் கொட்டை அவ்வளவு எளிதில் சாறு விடாது, அதற்குக் கொதிநீரில் ஆரம்பிப்பது நல்லது. முதல் சொட்டிலிருந்தே சூடு அதிகம் இருக்கும். கருவறுப்பு அப்படியில்லை, தொட்டாலே சாறு விடும். அதற்கு முதலிலிருந்தே கொதிக்கும் தண்ணீரை ஏற்றினால் கசப்பைக் கூப்பிட்டு உட்கார வைத்த மாதிரி ஆகும். உங்கள் தூள் கருவறுப்பு என்றால் சாதாரணத் தண்ணீரிலேயே ஆரம்பியுங்கள்.

எட்டுப்பட்டை எழுதியது:

நுரையைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். மெஷினில் வரும் நுரை இதில் வராது. மெஷின் தண்ணீரைச் சுமார் 9 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தத்தில் தள்ளுகிறது, மோக்கா பாட்டில் 1 அல்லது 2 பார்தான். கொட்டைக்குள் இருக்கும் கரியமில வாயுவும் எண்ணெயும் அந்தப் பெரிய அழுத்தத்தில் கலந்து வருவதால்தான் அங்கே அப்படி நுரைக்கிறது. மேல் குழாயில் எடை வைத்த வால்வோடு சில மாடல்கள் வருகின்றன, அவற்றில் கொஞ்சம் நுரை கட்டும். சாதாரண மாடலில் வருவது சீக்கிரம் அடங்கிவிடும்.

அப்படியானால் பெட்டியில் ஏன் எஸ்பிரெஸ்ஸோ என்று போடுகிறார்கள் என்று கேட்பீர்கள். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. இத்தாலியில் அல்ஃபோன்சோ பியாலெட்டியின் பட்டறையிலிருந்து மோக்கா பாட் வெளிவந்தது 1933-ல். அப்போது காபிக் கடைகளில் இருந்த எஸ்பிரெஸ்ஸோ மெஷின்களே ஆவி அழுத்தத்தில் ஓடியவைதான், அவற்றின் அழுத்தமும் 1, 2 பார் அளவில்தான் இருந்தது. அதாவது கடையில் கிடைத்த காபிக்கு ரொம்ப நெருக்கமான ஒன்றைத்தான் அவர் வீட்டு அடுப்புக்குக் கொண்டுவந்தார். 1940-களின் கடைசியில் அகிலே கஜ்ஜியாவின் நெம்புகோல் மெஷின் வந்த பிறகுதான் கடைக் காபியின் அழுத்தம் பல மடங்கு ஏறி, நுரையும் வந்தது. மோக்கா பாட் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது, எஸ்பிரெஸ்ஸோதான் நகர்ந்து போனது.

அந்த எட்டுப் பட்டையும் அழகுக்கு மட்டும் இல்லை. நிதானம் அக்கா சொன்ன மாதிரி உடம்பைப் பிடித்துத் திருகும்போது ஈரக் கை வழுக்காமல் இருப்பது அந்தப் பட்டைகளால்தான்.

கோப்பை அடியில் மண்டி தங்குவது பிடிக்காது என்றால், வட்டமாக வெட்டிய வடிதாளை நனைத்து மேல் பாகத்தின் அடியில் இருக்கும் சல்லடைத் தட்டில் ஒட்டிவிடுங்கள். ஏரோபிரஸ் என்ற கையால் அழுத்திக் காபி போடும் கருவிக்கு விற்கும் தாளையே அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். காபி தெளிவாக வரும். எனக்கு அந்த மண்டியோடு குடிப்பதுதான் பிடிக்கும் என்பதால் நான் போடுவதில்லை.

ஆவிபறக்க எழுதியது:

நிதானம் அக்கா, வறுப்புக் கணக்கு சரிதான், ஒத்துக்கொள்கிறேன். என்னுடையது இளவறுப்பு, அதனால்தான் கொதிநீர் எனக்கு ஒத்துவருகிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எல்லா அடுப்பும் ஒன்றில்லை. என்னுடைய மின்தட்டு அடுப்பில் சிம்மில் பச்சைத் தண்ணீரை வைத்தால் முதல் சொட்டு வர அவ்வளவு நேரமாகும், அதற்குள் கூடையே கொதித்துவிடும். அப்படிப்பட்ட அடுப்புக்கு வெதுவெதுப்பான தண்ணீராவது வேண்டும். கேஸ் அடுப்பென்றால் நீங்கள் சொல்வதுதான்.

கொதிநீர் ஊற்றுகிறவர்கள் கவனிக்க: கீழ்ப் பாகம் கை வைக்க முடியாத சூடாகிவிடும். தடிமனான துணியால் பிடித்துக்கொண்டுதான் திருக வேண்டும்.

இண்டக்‌ஷன் அடுப்புக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அலுமினியப் பாத்திரம் அதில் வேலை செய்யாது. எவர்சில்வர் அடிப்பாகம் உள்ள மாடல் வாங்க வேண்டும், இல்லையென்றால் நடுவில் இரும்புத் தட்டு வைக்க வேண்டும். எவர்சில்வர் அலுமினியத்தை விட மெதுவாகத்தான் சூட்டைப் பரப்பும், அதனால் அடுப்பை அணைத்து அணைத்து ஏற்றும் பழக்கம் அதில் அவ்வளவாக ஒத்துவராது. ஒரே சீரான குறைந்த சூட்டில் விட்டுவிடுவது நல்லது.

விடியற்காலை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தெரிந்தவர் வீட்டில் சும்மா கிடந்த மூன்று கப் பாத்திரம் ஒன்று கிடைத்தது. பொடி உப்புப் பதத்தில் அரைத்து வாங்கி, அழுத்தாமல், தேன் நிறம் வந்ததும் நிறுத்தி, அடியைத் தண்ணீரில் காட்டினேன். அக்கா சொன்ன மாதிரி அந்த நிமிஷமே நின்றுவிட்டது. கசப்பு போன இடம் தெரியவில்லை. பால் ஊற்றினாலும் காபி நிற்கிறது.

இப்போது வேறு சில கேள்விகள். இந்த முறை வேறு கொட்டை வாங்கினேன், நடு வறுப்பு. அதில் காபி ஒரு மாதிரி புளிக்கிறது. சீக்கிரமே நிறுத்திவிடுகிறேனா?

இவ்வளவு கெட்டியாகக் குடித்தால் கஃபீன் அதிகமாகிவிடாதா? காலையில் ஒன்று, மாலையில் ஒன்று குடிக்கிறேன்.

அப்புறம் இந்தப் பழைய பாத்திரத்தின் உள்ளே கறுத்திருக்கிறது. நடு மூட்டில் தூள் ஒட்டாமல் துடைத்தும் ஆவி கசிகிறது. மாற்ற வேண்டியது வாஷரா?

நிதானம் எழுதியது:

ரொம்பச் சந்தோஷம் தம்பி. புளிப்பு என்றால் தூளிலிருந்து இறங்க வேண்டியது முழுசாக இறங்கவில்லை. புளிப்புதான் முதலில் கரையும், இனிப்பும் கனமும் அதற்குப் பின்னால் வரும். நடு வறுப்புக்குக் கருவறுப்பை விடக் கொஞ்சம் கூடுதல் சூடோ நைஸான அரைப்போ வேண்டும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள், எது பலன் தந்தது என்று தெரியாமல் போய்விடும். முதலில் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள்: கொதிநீர் ஊற்றி, மற்றதெல்லாம் அப்படியே. அதிலும் புளித்தால் அரைப்பை ஒரு படி நைஸாக்குங்கள். நிறுத்தும் இடத்தை மாற்றுவது கடைசி. அங்கே போனால் ஸ்ட்ராங் குறையத் தொடங்கும்.

கடையில் அரைத்து வாங்குகிறவர்களுக்கு அரைப்பை மாற்றுவது சிரமம்தான். ஒரு சின்னக் கை கிரைண்டர் வாங்கிக்கொள்வது நல்லது. பிளேடு சுழலும் கிரைண்டரை விடப் பல்சக்கரத்தில் அரைப்பது எப்போதும் மேல். பிளேடு ஒரு பக்கம் மாவாகவும் ஒரு பக்கம் குருணையாகவும் அரைக்கும், மாவு கசக்கும், குருணை புளிக்கும். இரண்டும் ஒரே கூடையில் இருந்தால் சூட்டை எப்படி மாற்றினாலும் சரிவராது.

சாம்பல்பூனை எழுதியது:

கஃபீன் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், எனக்கும் ஒரு காலத்தில் இதே கவலை இருந்தது. கெட்டியா நீர்த்ததா என்பதை விட, எவ்வளவு தூள் போட்டீர்கள், எந்தக் கொட்டை என்பதுதான் கணக்கு. அராபிகாவில் எடையில் ஏறக்குறைய 1.2 சதவீதம் கஃபீன். ரோபஸ்டாவில் 2 சதவீதத்துக்கு மேல். உங்கள் 16 கிராம் முழுக்க அராபிகா என்றால் தூளில் இருப்பதே 190 மில்லிகிராம்தான், அது அத்தனையும் கோப்பைக்கு வந்துவிடாது. முன்னாலேயே நிறுத்துவதால் இன்னும் கொஞ்சம் குறையும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம், ஒரே தடவையில் 200 மில்லிகிராம் வரை பயப்பட வேண்டியதில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் சொன்னது. கர்ப்பிணிகளுக்கு நாள் முழுவதற்குமே 200தான். இரண்டு கோப்பை உங்களுக்குப் பிரச்சினை இருக்காது. ஆனால் ரோபஸ்டா அதிகம் கலந்த தூள் என்றால் கணக்கு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும், மாலைக் கோப்பையை யோசித்துக் குடியுங்கள். தூக்கம் கெட்டால் அளவு எவ்வளவாக இருந்தாலும் உங்களுக்கு அது அதிகம்தான்.

கறுப்பைப் பற்றி. அலுமினியத்தைப் பாத்திரம் கழுவும் மெஷினில் போட்டாலோ காரமான சோப்பில் ஊறவைத்தாலோ இப்படிக் கறுக்கும். இனி கையாலேயே வெந்நீரில் கழுவுங்கள், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மிதமான சோப்பு ஒரு சொட்டு போதும், நன்றாக அலசிவிடுங்கள். மோக்கா பாட்டைக் கழுவவே கூடாது, உள்ளே காபி படிந்தால்தான் ருசி என்று ஒரு பேச்சு உண்டு. நம்பாதீர்கள். படிந்திருப்பது காபி எண்ணெய், நாளானால் அது சிக்கெடுக்கும், புதுக் காபியிலும் அந்த வாடை ஏறும். மூன்று பாகத்தையும் தனித்தனியாகக் கழற்றி உலரவிடுங்கள், ஈரத்தோடு மூடி வைக்க வேண்டாம்.

அடியில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால், தண்ணீரில் கொஞ்சம் சிட்ரிக் அமிலம் கரைத்து, தூள் போடாமல் ஒரு முறை ஏற்றி இறக்குங்கள். பிறகு வெறும் தண்ணீரில் இன்னொரு முறை.

நிதானம் எழுதியது:

ஆமாம், வாஷரேதான். சும்மா கிடந்த பாத்திரம் என்றால் கட்டாயம் மாற்றுங்கள். ரப்பர் காய்ந்து விறைத்திருக்கும், விரல் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாது. உங்கள் மாடலுக்கும் கப் அளவுக்கும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள், மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் கசியும். சிலிக்கானில் கிடைத்தால் அது ரப்பரை விடச் சூடு தாங்கும். பழையதை நெம்பி எடுக்கக் கத்தி வேண்டாம், வாஷர் உட்காரும் தடத்தில் கீறல் விழுந்தால் புதியதும் கசியும். ஸ்பூனின் காம்பு போதும். அதன் கீழே சல்லடைத் தட்டு கழன்று வரும், அதன் ஓட்டைகளையும் தேய்த்துக் கழுவுங்கள்.

அதை விட முக்கியமாக, பழைய பாத்திரத்தில் பக்கவாட்டு வால்வைப் பாருங்கள். நடுவில் சின்னக் கம்பி இருந்தால் அதை விரலால் அசைத்துப் பாருங்கள், உள்ளே வெளியே போய்வர வேண்டும். கம்பி இல்லாத மாடல் என்றால் உள்பக்கம் ஓட்டையில் உப்பு அடைத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். வால்வு அடைத்து, நைஸ் தூளை அழுத்தியும் வைத்தால் அழுத்தத்துக்குப் போக்கிடமே இருக்காது. வால்வு அசையவில்லை என்றால், அது சரியாகும் வரை அந்தப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றாதீர்கள். தண்ணீரும் எப்போதும் வால்வுக்குக் கீழேயே நிற்கட்டும். அடுப்பில் வைக்கும்போது வால்வு சுவரைப் பார்த்து இருக்கட்டும், உங்களைப் பார்த்து வேண்டாம்.

புது வாஷர் போட்டதும் தூள் போடாமல் வெறும் தண்ணீரை ஒரு முறை ஏற்றிப் பாருங்கள். மூட்டைச் சுற்றி ஈரம் தெரியவில்லை என்றால் அடுத்த தடவையே காபி போடலாம்.